ப்ளூஸ் என்றால் நீலம்

மாமல்லபுரம்
15.9.2024

நான் அப்பவே சொன்னேன். ரூத்து ப்ளேன் ஏறுவா, முதல் மாசம் அழுவா, ரெண்டாவது மாசம் அந்த ஊர்க்காரங்களுக்கே பிரஷ் பிடிக்கச் சொல்லிக் குடுப்பான்னு நீ பள்ளிக்கூடத்துச் சுவத்துல கரியால கோழி வரைஞ்ச அன்னிக்கே சொல்லிட்டேன். சாட்சிக்கு உன் அத்தை இருக்கா. அவ இல்லன்னுதான் சொல்லுவா, அதை நம்பாதே.

அன்பு மருமகளே, இங்கே நான், உன் அத்தை, ஆட்டோ மூணு பேரும் ஆண்டவர் கிருபையால சுகம். ஆட்டோவுக்கு மட்டும் லேசா இருமல். சிங்கப்பெருமாள் கோயில்ல உன் அம்மா, அதாவது என் தங்கச்சி மேரி, சுகம். என் மச்சான் கிருபாகரன், அதாவது உன் அப்பா, எப்பவும் போல. ஷிப்டு, சர்ச்சு, தூக்கம். உன்னைப் பத்தி விசாரிச்சாரு.

போன் இருக்கும்போது கடுதாசி எதுக்குன்னு கேப்ப. போன்ல பேசினா நடுவுல குறுக்கப் பேசுறாங்க. கடுதாசியில ஒருத்தரும் என்னை நிறுத்த முடியாது. அதுக்காகவே போஸ்டாபீஸ்ல விசாரிச்சு அமெரிக்காவுக்கு ஸ்டாம்பு ஒட்டிட்டேன்.

போன வாரம் ஆட்டோவுல சவாரி வந்த ஒரு வெள்ளைக்காரர் மலை மேல உருண்டைக் கல்லைக் காட்டி, இது எப்படி உருளாம நிக்குதுன்னு கேட்டாரு. எங்க பாட்டன் அடியில ஒரு முட்டுக் குடுத்தாரு சார், எடுத்தா ஊரே போயிடும்னேன். மனுஷன் தொப்பியைக் கழட்டிட்டாரு. எட்டாவதோட நின்னவனுக்கு இவ்ளோ மரியாதை யாரு குடுப்பா?

அங்கே இன்னா சொல்லித் தராங்கன்னு விவரமா எழுது. எனக்குப் புரியாதுன்னு மட்டும் நினைக்காதே.

என்றும் உன் நலமே நினைக்கும்
மாமா சாலமோன்


சிகாகோ
6.10.2024

அன்பு மாமாவுக்கு,

நான் நலம். அத்தையையும் ஆட்டோவையும் கேட்டதாகச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தைப் பஸ்ஸில் படித்து நான் சிரித்ததில், பக்கத்தில் இருந்த ஒரு அம்மா எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

அழுதேன், அது உண்மை. இங்கே ஒரு ஏரி இருக்கிறது. கடல் என்றே நினைத்து, உப்பு வாசனை ஏன் வரவில்லை என்று நின்றுகொண்டிருந்தேன்.

என்ன படிக்கிறேன் என்று கேட்டீர்களே. இந்த ஊருக்குத் தெற்கிலிருந்து ரயிலேறி வந்த கறுப்பின மக்கள் ஏராளம். பருத்திக் காட்டில் கூலிக்கு உழைத்தவர்கள், அதற்கு முன் அடிமையாக இருந்தவர்களின் பிள்ளைகள். வரும்போது பாட்டைக் கொண்டு வந்தார்கள். ப்ளூஸ், ஜாஸ். அந்தப் பாட்டைக் கேட்டு அவர்களுடைய ஓவியர்கள் வரைவதையே மாற்றிக்கொண்டார்கள். ஒருவர் சாக்ஸபோன் ஊதுபவனைச் சுற்றி வெளிச்சத்தை வட்டம் வட்டமாக வரைந்திருக்கிறார், குளத்தில் கல் போட்டதுபோல. ரோமேர் பியர்டன் என்று இன்னொருவர். பியானோ இசையில் ஒரு ஒலிக்கும் அடுத்த ஒலிக்கும் நடுவே இருக்கும் மௌனத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாராம். அதிலிருந்துதான் படத்தில் நிறத்துக்கும் நிறத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் விடவேண்டும் என்று கற்றுக்கொண்டாராம்.

எங்கள் டீச்சர் மிஸ் லொரேன். அவரும் கறுப்பினத்தவர்தான். அப்பா வயது இருக்கும். முதல் நாளே ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்டார். "உன் வீட்டில் என்ன சத்தம் கேட்கும்?" என் முறை வந்தபோது ஒன்றும் சொல்ல வரவில்லை மாமா. ஞாபகம் வந்ததெல்லாம் குக்கர் விசில்தான்.

ஏப்ரலில் எல்லாரும் படங்களைக் கண்காட்சிக்கு வைக்க வேண்டும். வைக்காவிட்டால் பட்டம் இல்லை.

அப்பா சின்ன வயதில் சாவு வீட்டில் கானா பாடுவாராமே, உண்மையா? அம்மாவிடம் ஒரு தடவை கேட்டேன். "அதைக் கேக்காதே"ன்னு சொல்லிட்டாங்க. நான் போனில் பேசினால் அப்பா "சாப்டியா, ஜெபம் பண்ணியா" என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறார்.

அன்புடன்,
ரூத்


மாமல்லபுரம்
28.10.2024

அன்பு மருமகளுக்கு மாமாவின் ஆசீர்வாதம். இங்கே மழை, சவாரி கம்மி, அதனால உடம்பு நல்லா இருக்கு. ஏரி பெருசுன்னு எழுதியிருந்த. மதுராந்தகம் ஏரியை விடவா? நம்பமாட்டேன்.

ப்ளூஸ் பத்தி எழுதியிருந்த. எனக்கு அது முன்னாலயே தெரியும். ப்ளூன்னா நீலம். ப்ளூஸ்னா நிறைய நீலம். அந்த ஜனங்க நம்மை மாதிரி, நீலம் அவங்க கலரு, நமக்கும் நீலம்தான் கலரு. நம்ம காலனி கொடிக்கம்பம் என்ன கலரு? அந்த ரோமாபுரிப் பெரியவர் கடைசியில நம்ம ஆளுதான்.

ஞாயித்துக்கிழமை சர்ச்சு முடிஞ்சதும் சிங்கப்பெருமாள் கோயில் போனேன். மச்சான் பேப்பர் படிச்சிகினு இருந்தாரு.

"மச்சான், உம் பொண்ணு அங்க இன்னா பண்றா தெரியுமா? நீலம் வரையறா. அந்த ஊருல பெரிய படிப்பே அதானாம்."

பேப்பரை மடிக்கல. பக்கத்தைத் திருப்பிகினே கேட்டாரு: "எந்த நீலம்? வானத்து நீலமா, கொடி நீலமா?"

ரூத்து, நீ கிளம்பினதுல இருந்து உன் படிப்பைப் பத்தி அந்த மனுஷன் கேட்ட முதல் கேள்வி இது. மேரி சமையக்கட்டுல இருந்து எட்டிப் பாத்தா.

நீ கேட்டதுக்குப் பதில். ஆமா, பாடுவாரு. உங்க தெரு ஆனந்தன் டேப்பு, அதான் பறை, அடிப்பான், மச்சான் பாடுவாரு. செங்கல்பட்டுல இருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் எவன் செத்தாலும் இவங்க ரெண்டு பேருக்குத்தான் ஆள் வரும். மச்சான் மேல எடுத்தாருன்னா பொணம் பாதி எழுந்து உக்காந்து, "இன்னொண்ணு பாடு நைனா"ன்னு கேட்டுட்டுத் திரும்பப் படுக்கும். நான் பாத்திருக்கேன்.

நிறுத்தினது எப்படின்னா, கம்பெனியில சேர்ந்த புதுசு. கேண்டீன்ல தட்டு எடுத்துகினு போறப்போ எவனோ ஒருத்தன், "நீ சாவுக்குப் பாடுறவன்தானே, அந்தப் பக்கம் உக்காரு"ன்னானாம். அதுல ஒரு சொல் கூட நான் சேக்கல. அதோட சரி. அப்புறம் ஞானஸ்நானம், சர்ச்சு. சர்ச்சுல பாட்டு நேரத்துல கூட வாயசைப்பாரு, சத்தம் வராது. நீ கவனிச்சிருப்ப.

நான் சொன்னேன்னு சொல்லாதே.

உன் மாமா
சாலமோன்


சிகாகோ
20.11.2024

அன்பு மாமாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம் என்று எழுதலாம், ஆனால் எனக்கு ஜலதோஷம். குளிர் மூக்கிலேயே குடியிருக்கிறது. உங்கள் மழை எப்படி?

மாமா, ப்ளூஸ் என்றால் நிறம் இல்லை. துக்கம். துக்கத்தைப் பாடிப் பாடி ஆற்றிக்கொள்கிற பாட்டு. நம் கானா மாதிரி என்றே சொல்லலாம். நீங்கள் எழுதியதை வகுப்பில் சொன்னேன். மிஸ் லொரேன் மேஜையைத் தட்டிச் சிரித்தார். அப்புறம், "உன் மாமா சொன்னது முழுக்கத் தப்பும் இல்லை" என்றார்.

ஆனால் இதை அப்பாவிடம் திருத்தாதீர்கள். எந்த நீலம் என்று அவர் கேட்டதை எத்தனை தடவை படித்தேன் தெரியுமா? பதிலாக ஒரு சின்ன அட்டையில் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். கொடி நீலம். அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

கேண்டீன் விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சின்ன வயதில் அவர் சர்ச்சில் வாயசைப்பதைப் பார்த்துச் சிரித்திருக்க மாட்டேன்.

ஒரே ஒரு உதவி. எப்படியாவது அப்பாவை ஒரு பாட்டு, நாலு வரி போதும், பாட வைத்துப் போனில் பதிவு செய்து அனுப்புங்கள். மிஸ் லொரேன் கேட்ட கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. அது என் காதில் விழாமல் என்னால் வரைய முடியவில்லை.

அன்புடன்,
ரூத்


மாமல்லபுரம்
14.12.2024

மருமகளுக்கு மாமா எழுதுவது. உன் ஜலதோஷத்துக்கு மிளகு ரசம் வை. மிளகு கிடைக்கலன்னா எழுது, ஆட்டோ ஏறி வர வெள்ளைக்காரங்க யார்கிட்டயாவது குடுத்தனுப்பறேன்.

ப்ளூஸ் துக்கம்னு எழுதியிருந்த. அதைத்தான் நானும் சொல்ல வந்தேன், பேனாவுல மை தீந்துபோச்சு.

அட்டையைக் குடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்துல சாச்சுச் சாச்சுப் பாத்தாரு. "கொடி நீலம்தான்"னு சொல்லிட்டுக் கம்பெனி சட்டைப் பாக்கெட்டுல போட்டுகினு ஷிப்டுக்குப் போயிட்டாரு. திரும்ப எடுத்து வைக்கல.

பாட்டு விஷயம். மச்சானுக்கு இப்போ தொண்டை சரியில்ல. பனி. டாக்டர் பேசவே வாணாம்னு சொல்லியிருக்காரு. பெரிய டாக்டர், கண்ணாடி போட்டவர். அதனால கொஞ்சம் பொறு.

கிறிஸ்மஸுக்கு இங்கே எல்லாரும் சுகமா இருக்கோம். கேக் உனக்குச் சேத்து நானே சாப்பிடறேன்.

மாமா
சாலமோன்


சிகாகோ
10.1.2025

அன்பு மாமா,

எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்து. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?

அப்பாவுக்குத் தொண்டை வலி இல்லை. அம்மா சொன்னாங்க. நீங்கள் பாட்டு என்று வாயெடுத்ததுமே "கடல் தாண்டிப் போய் இதைத்தான் தோண்டுறாளா"ன்னு எழுந்து, உங்களை வாசலோடு அனுப்பிவிட்டாராம். கிறிஸ்மஸுக்கும் நீங்கள் வரவில்லையாம். எனக்காகத்தானே இது? மன்னித்துவிடுங்கள். இனிமேல் கேட்க வேண்டாம்.

போன வாரம் இதுவரை வரைந்ததையெல்லாம் சுவரில் மாட்டிக் காட்டினேன். இரவு விடுதி, சாக்ஸபோன், வட்டம் வட்டமாக வெளிச்சம். மிஸ் லொரேன் ரொம்ப நேரம் பார்த்தார். "அழகாக இருக்கிறது. ஆனால் இது எங்கள் வீட்டுச் சத்தம். நீ வாடகைக்கு எடுத்திருக்கிறாய். உன்னுடையது எங்கே?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

எல்லாவற்றையும் கழற்றிச் சுருட்டிவிட்டேன். ஏப்ரலில் வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. மார்ச்சிலேயே ஊருக்கு வந்துவிடலாமா என்று பார்க்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ரூத்


மாமல்லபுரம்
6.2.2025

அன்பு மருமகளே,

பெட்டியைக் கட்டாதே. கட்டியிருந்தா அவிழு. முதல்ல இதைப் படி.

ஆனந்தன் போயிட்டான். நெஞ்சுவலி. நம்ம டேப்பு ஆனந்தன். எனக்குச் சேதி வந்ததும் சவாரியை நடுவுல இறக்கி விட்டுட்டு சிங்கப்பெருமாள் கோயில் போயிட்டேன். தெருவுல பந்தல், வாடகை ஐஸ் பெட்டி, அதுக்குள்ள ஆனந்தன், தலைமாட்டுல நீல லைட்டு. அவன் புள்ளைங்க ஸ்பீக்கர் வச்சு ஏதோ சினிமாப் பாட்டு போட்டிருந்தாங்க. கரண்டு இல்ல, ஜெனரேட்டர் திக்கித் திக்கி ஓடுது, பாட்டும் திக்குது. அவன் பொஞ்சாதி முனியம்மா, "இதுக்கா இவன் ஊரு பூரா அடிச்சான்"னு தலையில அடிச்சிகினா.

மச்சான் ஷிப்டு முடிஞ்சு கம்பெனி சட்டையோட நேரா வந்தாரு. என்னைப் பாத்தாரு, பேசல. போய் ஐஸ் பெட்டி பக்கத்துல நின்னாரு. கண்ணாடி மேல கையை வச்சாரு.

ஜெனரேட்டர் நின்னுடுச்சு. ஸ்பீக்கரும் நின்னுது, நீல லைட்டு மட்டும் பேட்டரியில எரியுது. தெருவே கம்முனு ஆயிடுச்சு, ரூத்து.

அப்போ அந்தக் கண்ணாடி மேல மச்சான் விரலு தட்ட ஆரம்பிச்சுது. தட், தட், கொஞ்சம் விட்டு ஒரு தட். ஆனந்தன் அடிப்பானே, அதே அடி. முனியம்மா அழுறதை நிறுத்திட்டா. தட்டிகினே மச்சான் வாயைத் திறந்தாரு:

ஆறுமணி கம்பெனி பஸ்ஸு வந்து நிக்குது ஆனந்தா,
ஆறுமணி கம்பெனி பஸ்ஸு வந்து நிக்குது ஆனந்தா,
ஏறாம நீ மட்டும் எங்க நடந்து போறடா?

டேப்பு மேல தூசி கீது, தட்டிவிட ஆளில்ல,
டேப்பு மேல தூசி கீது, தட்டிவிட ஆளில்ல,
தட்டிவிட வந்த கையில் தாளம் ஒட்டிக்கிச்சுடா.

குரல் இன்னா குரலு! துருப்பிடிச்ச கேட்டைத் திறந்தா முதல்ல கிரீச்சுன்னு வருமே, அப்படித்தான் வந்துது. அப்புறம் திறந்துகிச்சு. சாவு வீட்டைத் தாண்டிப் போன ரயில் கூட ஹாரன் அடிக்கல. ரெண்டு வரிக்கு நடுவுல அவரு விடுற இடம் கீது பாரு, அதுல ஊரே மூச்சு வாங்குச்சு. உன் ரோமாபுரிப் பெரியவர் இருந்திருந்தா பேப்பர் பென்சிலோட ஓடி வந்திருப்பாரு.

பதிவு பண்ணலயான்னு கேப்ப. என் போனு ஆட்டோவுலயே மாட்டிகினு சார்ஜு ஏறிகினு இருந்தது. என் தலையெழுத்து. ஆனா ஒரு எழுத்து விடாம உனக்கு எழுதிட்டேன்.

இப்போ நீ வரைய ஆரம்பி.

உன் மாமா
சாலமோன்


சிகாகோ
1.3.2025

அன்பு மாமாவுக்கு,

ஆனந்தன் மாமாவை நினைத்து அழுதேன். முனியம்மா அத்தை எப்படி இருக்காங்க? நீங்கள்?

பெட்டி கட்டவில்லை.

உங்கள் கடிதத்தை மொழிபெயர்த்து வகுப்பில் படித்தேன். பாட்டு வந்ததும் தமிழிலேயே படித்தேன். மிஸ் லொரேன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "ஒரு வரியை இரண்டு தடவை சொல்லிவிட்டு மூன்றாவதில் பதில். என் அப்பா சமையலறையில் பாடுவது இதே கட்டு. உங்கள் ஊருக்கு இது எப்படிப் போனது?" என்றார். போகவில்லை, அங்கேயே இருந்தது என்றேன். எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார்.

ஒரே ஒரு பெரிய படம். சுவர் அளவு. ஐஸ் பெட்டியிலிருந்து வரும் நீல வெளிச்சம் அப்பாவின் கம்பெனி சட்டை மேல் விழுகிறது. ஒரு கை கண்ணாடி மேல். விரல் தட்டுகிற இடத்தில் மட்டும் வட்டங்கள், அதுவும் முழுசாக இல்லை, தட் தட் என்று இரண்டு, அப்புறம் வெறுமையாக விட்டு இன்னொன்று. அப்பாவின் வாய் திறந்திருக்கிறது. அதை வரையத்தான் ரொம்ப நாள் ஆனது, அப்பா வாயைத் திறந்து பாடி நான் பார்த்ததே இல்லையே. பந்தலும் தெருவும் ஒட்டுத்துண்டுகள். உங்கள் பழைய கடிதங்களின் நகல்களைக் கிழித்து ஒட்டியிருக்கிறேன். உங்கள் எழுத்து ஒரு கோட்டில் நிற்காமல் அலையாகப் போகிறதே, அது கூட்டம் மாதிரியே இருக்கிறது.

மாமா, உங்களை எனக்குத் தெரியும். பாதி எழுந்து உட்கார்ந்த பிணத்தையும் தெரியும். அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அப்பா பாடியது நிஜம்தானே?

அன்புடன்,
ரூத்


மாமல்லபுரம்
19.3.2025

மருமகளுக்கு,

சுகம். நீயும் சுகமா இருப்பன்னு நம்புறேன். வெயில் ஆரம்பிச்சிடுச்சு. ஆட்டோவுக்குப் புது சீட்டு கவர் போட்டிருக்கேன், புலித்தோல் டிசைன். உன் அத்தைக்குப் பிடிக்கல. முனியம்மா தேறிட்டா, இட்லிக்கடையைத் திரும்ப வச்சிட்டா. மச்சான் என்கிட்டப் பேசுறாரு இப்போ. போன ஞாயிறு நாஸ்தா சாப்பிட்டுப் போன்னு சொன்னாரு.

என் எழுத்தை அமெரிக்காவுல ஒட்டியிருக்கியே, அது ஒண்ணு போதும். எட்டாவது வாத்தியாரு என் எழுத்தைப் பாத்து எறும்பு ஊர்ந்த மாதிரி கீதுன்னு சொன்னவரு. அவரைத் தேடிகினு இருக்கேன்.

நீ ஏதோ கேட்டிருந்த. எழுதினது எழுதினதுதான். நீ படத்தை முடி.

மாமா


சிகாகோ
21.4.2025

அன்பு மாமாவுக்கு,

எல்லாரும் நலமா? நான் இவ்வளவு நலமாக இருந்து ரொம்ப நாள் ஆகிறது. நேற்று பன்னிரண்டு மணி நேரம் தூங்கினேன்.

கண்காட்சி முடிந்தது. பட்டம் உறுதி. படத்துக்கு முன்னால் ஒரு வயதானவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "யார் இறந்தது?" என்று கேட்டார். சொன்னேன். "பாடுவது?" என்றார். என் அப்பா என்றேன். மாமா, அதைச் சொன்னபோது எனக்குக் குரல் வந்தது. முதல் நாள் வகுப்பில் வராத குரல்.

படத்துக்குக் கீழே ஒரு வரிதான் எழுதினேன்: "ஆனந்தனுக்காகக் கிருபாகரன் பாடுகிறார்." படத்தை அங்கேயே ஒரு கூடத்தில் வைத்துக்கொள்ளக் கேட்டிருக்கிறார்கள்.

பெரிய அச்சு ஒன்றை அப்பா பேருக்கே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். அவருக்கு வருத்தமாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. கேண்டீனில் ஒருவன் கேவலமாகச் சொன்னதை நான் ஊருக்கே மாட்டி வைத்துவிட்டேனோ என்று. வந்து சேர்ந்ததும் பக்கத்தில் இருங்கள்.

அன்புடன்,
ரூத்


சிங்கப்பெருமாள் கோயில்
11.5.2025

கர்த்தருக்குள் அன்பான மகள் ரூத்துக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் சமாதானமாக இருக்கிறோம். உன் சுகத்துக்காக ஜெபிக்கிறோம். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

படம் வந்தது. அம்மா முதலில் பார்த்தாள். நான் ஷிப்டு முடிந்து வந்து பார்த்தேன். கம்பெனி சட்டையில் பேட்ஜ் கூடப் போட்டிருக்கிறாய். ஆனந்தன் முகம் தெரியாமல் விட்டது நல்லது. அவனுக்குப் போட்டோ பிடிக்காது.

முனியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்து டீ குடித்துவிட்டுப் போனாள். படத்தில் இருக்கிற பந்தல் அன்றைக்குப் போட்டதை விடப் பெரிசு என்றாள்.

எனக்கு வருத்தம் இல்லை. ஹாலில் மாட்ட ஆணி அடித்தாகிவிட்டது. சர்ச்சில் இருந்து வருகிறவர்களும் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

நீ கேட்டிருந்த பாட்டைப் பாடி, சாலமோன் போனில் இருந்து உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். காற்றுச் சத்தம் இருக்கும். குரல் பழைய மாதிரி இல்லை.

உன் படத்தில் இருப்பது உண்மை. யார் கேட்டாலும் தைரியமாகச் சொல்.

வேளைக்குச் சாப்பிடு.

அப்பா
கிருபாகரன்


மாமல்லபுரம்
13.5.2025

அன்பு மருமகளுக்கு மாமாவின் மனமார்ந்த ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் சுகமோ சுகம். இவ்ளோ சுகத்தை எங்க வைக்கறதுன்னு தெரியல.

பாட்டு போனுக்கு வந்திருக்கும். கேட்டிருப்ப. கடுதாசியா எழுதறதுக்குக் காரணம், நான் சொல்லப்போறதுக்கு நடுவுல நீ பேசக் கூடாது.

சனிக்கிழமை ஆட்டோ ஸ்டாண்டுல இருக்கேன். மச்சான் பஸ்ஸுல இருந்து இறங்கி வராரு. கையில உன் கவரு. ஆனந்தன் சாவைப் பத்தி நான் உனக்கு எழுதினது இன்னான்னு அவருக்கு அதுவரைக்கும் யாரும் சொல்லல. படத்தையும் அடியில நீ எழுதின வரியையும் பாத்துத்தான் தெரிஞ்சிருக்கு.

"சாலமோனு, வண்டிய எடு"ன்னாரு.

"எங்க மச்சான்?"

"யாரும் இல்லாத எடத்துக்கு."

சதுரங்கப்பட்டினம் ரோட்டுல போய், கடல் பக்கமா சவுக்குத் தோப்பு ஓரம் நிறுத்தினேன். காத்து புடுங்குது. ரெண்டு பக்கமும் படுதாவை இறக்கிவிடச் சொன்னாரு. இறக்கினேன். அடி விழப்போவுதுன்னு நினைச்சேன், வேற எதுக்குப் படுதா?

"அந்தப் பாட்டு இன்னாடா, சொல்லு."

"எந்தப் பாட்டு?"

"பேஜாரு பண்ணாத. நான் பாடினேன்னு அவளுக்கு எழுதினியே, அது."

சொன்னேன். டேப்பு வரியை மறுபடி சொல்லச் சொன்னாரு. "தூசி கீதுன்னு போட்டிருக்கியே, ஆனந்தன் டேப்பு மேல என்னிக்குடா தூசி இருந்தது?"ன்னு திட்டினாரு. அதை மாத்தினாரு. நீ கேட்டதுல "சூடு கீது"ன்னு வருது பாரு, அது அவரு போட்டது. ஒத்துக்கறேன், அது என்னோடதை விட நல்லா இருக்கு. பெருசா இல்ல, கொஞ்சம்.

"மச்சான், நான் அவளுக்கு எழுதிடறேன். பொய்யி சொல்லிட்டேன்னு எழுதிடறேன்"னேன்.

"வாணாம். எம் பொண்ணு என் பேரைப் போட்டு மாட்டி வச்சிருக்கா. அது பொய்யா நிக்கக் கூடாது. போனைப் பிடி."

புலித்தோல் சீட்டுல உக்காந்து, ஆட்டோ தகரத்துல விரலால தட்டிகினு பாடினாரு. முதல் தடவை குரல் உடைஞ்சுது, அழிக்கச் சொல்லிட்டாரு. ரெண்டாவது தடவை இருமல். மூணாவதுதான் உனக்கு வந்தது. முடிச்சதும் படுதாவைத் தூக்கச் சொல்லி, தொண்டையைத் தடவிகினு, "பசிக்குதுடா"ன்னாரு. ரெண்டு பேரும் மீன் வறுவல் சாப்பிட்டோம். திரும்பி வர வழியில அதே பாட்டை முனகிகினே வந்தாரு, தனக்கே தெரியாம. நான் வேணும்னே சுத்து வழியில ஓட்டினேன்.

உனக்கு எழுத வாணாம்னு என்கிட்ட சத்தியம் கேட்டாரு. பைபிள் மேல கேக்கல, ஆட்டோ மேல கேட்டாரு, அதனால அது செல்லாது. அவரு உனக்கு எழுதினதைப் படிச்சிருப்ப, ஸ்டாம்பு ஒட்டக் குடுத்தப்போ நானும் படிச்சேன். அதுல என்னை ஒரு வார்த்தை காட்டிக் குடுக்கல. ஆனா நீ அந்தப் பாட்டை ஆனந்தனுக்குப் பாடினதுன்னே நினைச்சிகினு கேப்ப. அது தப்பு. அது உனக்குப் பாடினது.

அன்னிக்கு ஐஸ் பெட்டி, நீல லைட்டு, ஜெனரேட்டர் நின்னது, கண்ணாடி மேல விரலால தட்டினது, முனியம்மா அழுகையை நிறுத்தினது, எல்லாம் நிஜம். பாடினது மட்டும் நான் போட்டது, ரூத்து. உங்கப்பா அன்னிக்கு வாயே திறக்கல.

சாலமோன்